வேலை போன நேரத்தில் வாடகை அக்ரிமெண்ட்: பத்திர எழுத்தர் பதில் சொல்கிறார்

வேலூர் பக்கம் வாடகைப் பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். வேலை இழந்தவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சத்துவாச்சாரி: ராணிப்பேட்டை கம்பெனியில் வேலை போய்விட்டது சார். வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. அடுத்த மாதம் 11 மாத அக்ரிமெண்ட் முடிகிறது. வேலை போனதை ஓனரிடம் சொல்லாமலே புதுப்பிக்கலாமா?

சொல்லிவிடுங்கள் தம்பி. நம் ஊரில் டீக்கடைக்குத் தெரிந்தது ஓனருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? அவருக்கு வேண்டியது மாதம் பிறந்தால் வாடகை. அது எங்கிருந்து வரும் என்பதை முதலில் சொல்லுங்கள், வேலை போன கதை அப்புறம். இந்த வருடம் ஏற்றம் வேண்டாம் என்று கேளுங்கள்.

அட்வான்ஸைப் பற்றியும் பேசுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 27,000. மீதி 23,000-ஐ வாடகையில் கழிக்கச் சொல்லலாம். ஒத்துக்கொண்டால் எந்தெந்த மாத வாடகைக்குக் கழித்தது, கையில் மீதி அட்வான்ஸ் எவ்வளவு என்று புது அக்ரிமெண்டில் ஒரு வரி ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும்போது சண்டைதான்.

காட்பாடி: அக்ரிமெண்ட் முடிந்து இரண்டு மாதம் ஆச்சு. புதுசும் போடவில்லை, உடனே காலி செய் என்கிறார்.

புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனையிலேயே மாதா மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் ஓடும். அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் இரட்டை வாடகை கேட்க ஓனருக்கு உரிமை உண்டு. எது எப்படியோ, வாடகையை நிறுத்தாதீர்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே போடுங்கள்.

குடியாத்தம்: பி.எஃப். பணம் எப்போது வரும்?

பி.எஃப். ஆபீஸில் கேளுங்கள்.

சைதாப்பேட்டை: செட்டில்மெண்ட் 4 லட்சத்தை லீசுக்குக் கொடுத்தால் வாடகையே வேண்டாம், கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார் ஓனர். நல்லதுதானே சார்?

வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா அம்மா, அதாவது வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று? பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பேங்கில் அடமானம் இருந்தால், தவணை நின்றதும் பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். நீங்கள் வைத்திருக்கிற ஸ்டாம்ப் பேப்பர் அதைத் தடுக்காது.

ஆம்பூர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் காலங்காலமாக லீசுதான். 4 லட்சத்தை பேங்கில் போட்டால் 7 வட்டிக்கு வருடம் 28,000. வாடகை 8,000 என்றாலும் மிச்சமாவது 96,000. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

கணக்கு சரிதான் ஐயா. வருடம் 96,000-ஐ விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஓனருக்கு என்ன பண அவசரம்? அதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்.

ஆம்பூர்: மகள் கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கடை வைக்கக் கேட்பார்கள். எல்லாரும் கடனாளியா?

இல்லைதான். கல்யாணத்துக்கு வாங்குகிறவர் பணத்தைச் செலவழித்துவிடுவார். கெடு முடிந்ததும் அடுத்த லீசுக்காரர் கிடைத்தால்தான் உங்கள் பணம் கைக்கு வரும். சம்பளம் வருகிறவர் நாலு மாதம் காத்திருப்பார். வேலை இல்லாதவருக்கு அந்த 4 லட்சம்தான் அரிசி, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம். லீசே கூடாது என்று நான் சொல்லவில்லை, முழுப் பணத்தையும் கொட்டாதீர்கள் என்கிறேன். கொடுப்பதையும் பதிவு செய்து கொடுங்கள்.

பாகாயம்: அட்வான்ஸை வாடகையில் கழிக்கலாமா சார்?

சத்துவாச்சாரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தோட்டப்பாளையம்: ஆஸ்பத்திரிக்கு வருகிற வடக்கத்தி நோயாளிகளுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடப் பார்க்கிறார் ஓனர். ஒரு மாதம் பாக்கி என்றதும் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைப் பூட்டிவிட்டார்.

பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது. பூட்டைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, அந்த 2017 சட்டப்படி உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். அதோடு அந்தப் பாக்கியையும் சீக்கிரம் கட்டிவிடுங்கள். இரண்டு மாதமாகி, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்ல அவருக்கே வழி கிடைத்துவிடும்.

கொசப்பேட்டை: சார், 3 லட்சத்துக்கு ஒரு லீசு வீடு...

வில்லங்கம் போட்டாச்சா?