தங்கச்சியைக் கொழும்புக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். ஊர் அட்டன் பக்கம் ஒரு தோட்டம். தங்கச்சிக்கு 13 வயது. இந்த வருஷம்தான் பெரிய மனுசியானாள். அதிலிருந்து பாடசாலைக்கு ஒழுங்காகப் போவதில்லை, தலை சுற்றுகிறது என்கிறாள். அப்பா "படித்தது போதும்" என்கிறார். வெள்ளவத்தையில் ஒரு அம்மா அவளை வீட்டு வேலைக்குக் கேட்கிறார். தமிழ்நாட்டில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே நாப்கின் கொடுப்பதை டிவியில் பார்த்தேன். நமக்கு அப்படி ஒன்றும் இல்லையா?

பதில்: கூட்டி வராதீர்கள், மகள். 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2021இலிருந்து, அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பதும் குற்றம். அந்த அம்மா நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பூட்டிய ஃபிளட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

டிவியில் பார்த்தது புதுயுகம் திட்டமாக இருக்கும். இங்கேயும் உண்டு. 2024இல் கல்வி அமைச்சு தோட்டப்புற, கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஏறத்தாழ 8 லட்சம் மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. வருஷம் முழுக்க அது காணாது, உண்மைதான். ஆனால் அது வருவது பாடசாலை வழியாக. மற்றவையும் அப்படித்தான்: தரம் 6இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி இரண்டு (2017 முதல் இலவசம்), தரம் 7இல் மருத்துவப் பரிசோதனை, வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை. இடாப்பில் பெயர் வெட்டுப்பட்டால் இதில் இனி கிடைக்க வேண்டியதெல்லாம் அவள் கையை விட்டுப் போகும்.

தலைசுற்றலுக்கு வருவோம். இரத்தம் குறைந்திருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிப் போங்கள். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, எவ்வளவு படுகிறது என்பதையும் தங்கச்சி வெட்கப்படாமல் சொல்லட்டும். எச்.பி.வி. ஊசி விடுபட்டிருந்தால் அதையும் கேளுங்கள். பாடசாலையில் தரும் மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் பைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டல் குறையும். தேத்தண்ணியோடு மட்டும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்! காலை ரொட்டிக்கு அதுதானே துணை? ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். தேசிக்காய், கொய்யா கிடைத்தால் நல்லது.

இன்னொன்று. பாடசாலைக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுப்படுகிறதா என்று அவளிடம் கேளுங்கள். கையில் நாப்கின் இருந்தும், மாற்ற இடமில்லாமல் அந்த நாட்களில் வீட்டில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வவுச்சர் அதைத் தீர்க்காது. வகுப்பாசிரியையிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

அப்பாவிடம் சட்டம் பேசாதீர்கள், கோபம்தான் வரும். பஸ் காசா, வழியில் பயமா, என்ன தடை என்று கேளுங்கள். காசுதான் என்றால், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அதையும் மீறி அவளை வேலைக்கு அனுப்பப் பார்த்தால் 1929க்கு அழையுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

வெள்ளவத்தை அம்மாவுக்கு நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். தங்கச்சி படிக்கிறாள் என்று சொன்னால் போதும்.