பீரோவில் தூங்கும் பத்து ஹெட்செட்

கேள்வி: எங்கள் வணிகவியல் துறைக்கு நிர்வாகம் பத்து வி.ஆர். ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும் கருவி) வாங்கித் தந்தது. ஒரு நாள் பயிற்சியும் நடந்தது. ஒரு வருடமாக ஆசிரியர்கள் யாரும் அதைத் தொடவில்லை. துறைத் தலைவராக நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பில் 60 பேர், ஹெட்செட் 10, ஆறு சுற்று. மாட்டி, பட்டையை இழுத்துச் சரிசெய்து, "மங்கலாத் தெரியுது மேடம்" என்பவரைக் கவனிக்க மூன்று நிமிடம். காட்சி ஐந்து நிமிடம். மொத்தம் 48 நிமிடம். பீரியட் 50 நிமிடம் என்றால் பாடம் எப்போது நடத்துவது? உங்கள் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பயன் இருக்கிறது, கையாளச் சுலபம் என்று தோன்றினால்தான் ஒருவர் புதுக் கருவியைத் தொடுவார் என்று தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-லேயே எழுதினார். 2003-இல் அதே துறை ஆய்வாளர் வெங்கடேஷ் குழுவினர் முன்வைத்த கோட்பாட்டு மாதிரியில், உதவிக்கு ஆளும் வசதியும் உண்டா என்பதும் சேர்ந்தது. நம் கல்லூரிகளில் இடிப்பது பெரும்பாலும் இதுதான். குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்களில் சார்ஜ் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். பத்தையும் சார்ஜ் போடுவது, துடைத்து வைப்பது யார்? லேப் அசிஸ்டென்டின் வேலையாக அதை எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், எந்தப் பாடத்துக்கு? பேரேடு எழுத நோட்டே போதும், அதற்கு வி.ஆர். வீண். வால்மார்ட் 2018-இல் தன் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஹெட்செட் அனுப்புவதாக அறிவித்தது. பண்டிகை விற்பனை நெரிசல் போல, நேரில் ஒத்திகை பார்க்க முடியாத சூழல்களுக்கு ஊழியர்களைப் பழக்க. உங்களுக்கும் அந்த மாதிரி இடங்கள்தான் பொருந்தும்: கோபமான வாடிக்கையாளர், நேர்முகத் தேர்வு, சபையில் பேசுவது.

பத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஒரு மாணவி மாட்டிக்கொள்ளட்டும். அவர் பார்ப்பது புரொஜெக்டரில் ஓடட்டும். மற்றவர்கள் அவர் எங்கே தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு விவாதிக்கட்டும். உட்கார்ந்தே பார்க்கும், அதிகம் நகராத காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். கண் நகர்வைக் காண, உள்காது அதை உணராதபோதுதான் பலருக்குக் குமட்டுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆர்வமுள்ள இருவரிடம் ஆளுக்கு ஒன்றை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மாணவர்கள் முன்னால் திணறிவிடுவோமோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்து, உடைந்தால் சம்பளத்தில் பிடித்தம் என்றெல்லாம் நிபந்தனை போட்டீர்களானால், திங்கள்கிழமை பெட்டி பிரிக்காமலே திரும்பி வரும்.