ரோமானியர் காலத்திலேயே நீராவி உருண்டை இருந்தும், நீராவி எஞ்சின் ஏன் வரவில்லை?

கேள்வியில் சொல்லியிருப்பது கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமானியர் ஆட்சியிலிருந்த எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் விவரித்த கருவி. கீழே மூடிய கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். நீராவி குழாய் வழியாக மேலேயுள்ள உருண்டைக்குள் போய், அதிலிருந்து வளைந்து நீட்டியிருக்கும் இரண்டு மூக்குகள் வழியே சீறும். உருண்டை சுற்றும். 'இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் ரயில் விடவில்லை' என்பதுதான் கேள்வி.

'அடிமைகள் இருந்தார்கள், இயந்திரம் எதற்கு?' என்ற பதில் எப்போதும் முதலில் வந்து நிற்கும். அதை நான் பாதிகூட ஏற்கமாட்டேன். தெற்கு பிரான்சில் ஆர்ல் நகருக்குப் பக்கத்தில், பார்பெகால் என்ற இடத்தில், மலைச்சரிவில் 16 நீர்ச்சக்கரங்களை இரண்டு வரிசையாக அடுக்கி மாவு அரைத்திருக்கிறார்கள். துருக்கியின் ஹியராபோலிஸில், 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டி ஒன்றின் மேல், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடிமைகள் இருந்த அதே பேரரசில்தான் இதெல்லாம் நடந்தது. கட்டுப்படியாகும் இயந்திரம் கிடைத்தபோது அவர்கள் விட்டுவைக்கவில்லை.

நீராவி உருண்டை கட்டுப்படியாகாது. பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது அதன் அமைப்பைப் பார்த்தாலே புரியும். சுழலும் உருண்டைக்குள் நிற்கும் குழாய் நுழைகிற இணைப்பைக் கவனியுங்கள். இறுக்கினால் உராய்வில் உருண்டை நின்றுவிடும். தளர்த்தினால் நீராவி அந்த இடுக்கிலேயே போய்விடும். பாய்லர் வேலையில் நாங்கள் இன்று வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் போடும்போது படுகிற அதே பாடு. போதாததற்கு, இந்த மாதிரிச் சக்கரம் உருப்படியாக வேலை செய்ய வெறித்தனமான வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றும் பல்சக்கரங்களுக்கும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் கொதிகலனுக்கும் அன்று வழியில்லை. விறகு வண்டி வண்டியாக எரியும், வேலை பைசாவுக்கு நடக்காது.

ஆனால் பலர் கவனிக்காத விஷயம் வேறு. 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி எஞ்சின், இந்த உருண்டையின் வாரிசே அல்ல. அதில் நீராவி எதையும் பலமாகத் தள்ளவில்லை. 21 அங்குல விட்டமுள்ள பித்தளை சிலிண்டருக்குள் நீராவியை விட்டு, உள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சினார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகிச் சுருங்க, உள்ளே ஏறக்குறைய வெற்றிடம். மேலே இருக்கும் காற்று பிஸ்டனை அழுத்திக் கீழே இறக்கும். முழு வெற்றிடம் கிடைத்தால் அந்த அளவு பிஸ்டன் மேல் இரண்டு டன்னுக்கு மேல் சுமை. நடைமுறையில் அதில் பாதி போல. உண்மையில் வேலை செய்தது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுதான். பிஸ்டன் ஓரத்தில் தோல் பட்டை, கசிவை அடைக்க அதன் மேல் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவு முரட்டு வேலைப்பாடு.

பிஸ்டன் ரோமானியருக்குத் தெரியாதா? தெரியும். ஹீரோன் இந்த உருண்டையை விவரித்த அதே நூலில் தீயணைக்க இரட்டை சிலிண்டர் பம்ப் இருக்கிறது. நீராவியும் பிஸ்டனும் ஒரே நூலில் இருந்தும் சேரவில்லை. காரணம் அந்த நூலின் முன்னுரையிலேயே கிடைக்கிறது. குறுகிய வாயுள்ள பாத்திரத்தை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சினால் அது உதட்டோடு ஒட்டித் தொங்கும் என்கிறார். வெற்றிடம் சதையை இழுக்கிறதாம்! வெளிக்காற்று அழுத்துகிறது என்ற எண்ணமே இல்லை. காற்றுக்கு எடை உண்டு, அது அழுத்தும் என்பது 1640களில் இத்தாலிய விஞ்ஞானி டோரிச்செல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்த பிறகுதான் தெளிவாயிற்று. 1650களில் ஜெர்மனியின் குவெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே காற்றை எடுத்துவிட்டு, அவற்றைப் பிரிக்கக் குதிரைகளை விட்டு இழுக்கவைத்தார் (மக்டபர்க் அரைக்கோளங்கள்). 1690இல் பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பின் சிலிண்டருக்குள் நீராவியைக் குளிரவைத்து பிஸ்டனை இறக்கிக் காட்டினார். (நம் வீட்டு குக்கருக்கு மூதாதையைச் செய்தவரும் இவர்தான், 1679இல். வெயிட் போடும் யோசனையும் அவருடையது.) அங்கிருந்து நியூகோமனுக்கு 22 வருடம்தான்.

இன்னொன்று எரிபொருள். நியூகோமன் எஞ்சின் கொடுத்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. ஆனாலும் ஓடியது, ஏனென்றால் அது நின்றது சுரங்க வாயில். விற்கத் தகுதியில்லாத தூள் கரியை எரித்தே தண்ணீரை இறைக்கலாம். ரோமானியருக்கு நிலக்கரி தெரியாததல்ல, பிரிட்டனில் எரித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தண்ணீர் தொல்லை கொடுத்த பெரிய சுரங்கங்களில் ஒன்று ஸ்பெயினின் ரியோ டின்டோ. செம்பும் வெள்ளியும் எடுத்த இடம், அங்கே நிலக்கரி இல்லை. ஆட்கள் மிதித்துச் சுற்றும் சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தண்ணீரை மேலேற்றினார்கள். ஒரு நீராவி எஞ்சினைக் கையில் கொடுத்திருந்தாலும் அதற்குத் தீனி போட சுற்றுவட்டாரக் காட்டையே வெட்ட வேண்டியிருக்கும்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. கார்ன்வால் செம்பு, தகரச் சுரங்கங்களுக்கு வேல்ஸிலிருந்து கப்பலில் கரி வரவேண்டும், எஞ்சின் வைத்தவர்கள் கரிச் செலவில் திண்டாடினார்கள். ஜேம்ஸ் வாட்டின் சிக்கன எஞ்சினுக்கு நல்ல வாடிக்கையாளர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். அவரும் கூட்டாளி போல்ட்டனும் பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கட்டணமாக வாங்கினார்கள்.