கேள்வி பதில்: பிளாக் சுவரா, காங்கிரீட் சுவரா?

கேள்வி (காட்பாடி): தரைத்தளமும் ஒரு மாடியும். 8 இஞ்ச் சாலிட் (துளையில்லாத) சிமெண்ட் பிளாக் போதும்னு மேஸ்திரி சொல்றார். மச்சான் சுவரையே காங்கிரீட்டா ஊத்தச் சொல்றார். எது பலம் சார்?

பதில்: பலம் காங்கிரீட்டுக்குத்தான். உங்களுக்கு அது தேவையாங்கிறதுதான் விஷயம். 5 நியூட்டன் பிளாக் (ஒரு சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன் தாங்கும் தரம்), 1:6 சிமெண்ட்-மணல் கலவை, 10 அடி உயரம்னா, கட்டுச்சுவருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 கணக்கில் ஒரு மீட்டர் நீளச் சுவர் ஏறக்குறைய 7 டன் தாங்கும். 6 இஞ்ச் எம்20 காங்கிரீட் சுவர் (அதே கணக்கில் 20 நியூட்டன் தரம்), காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 படி, 45 டன் வரை போகும். 10, 12 அடி அறைன்னா உங்க வெளிச்சுவரில் இறங்குறது 5 டன் போலத்தான். ரெண்டு பக்க ஸ்லாபும் உட்காரும் நடுச்சுவர் மட்டும் 7 டன்னைத் தொடும். அதை இன்ஜினியர் பார்க்கட்டும்.

பிளாக் சுவர் தோற்பது பக்கவாட்டுத் தள்ளலில். கலவை ஜாயிண்ட் இழுப்பைத் தாங்காது. வேலூர் நிலநடுக்க மண்டலம் 3. அதனால் லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலுக்கு மேலே) வீட்டைச் சுத்தி எங்கேயும் அறுபடாத 3 இஞ்ச் காங்கிரீட் பெல்ட், அதில் ரெண்டு 10 மி.மீ. கம்பி. மூலையில் மட்டும் ஹாலோ பிளாக் வைத்து, துளையில் 12 மி.மீ. கம்பி நிறுத்தி காங்கிரீட் நிரப்புங்க. அடித்தளத்திலிருந்து மேல் ஸ்லாப் வரை கம்பி தொடரணும். மச்சான் சொல்ற செலவில் சின்னப் பங்குதான் இது.

கேள்வி (குடியாத்தம்): லோடு வந்திறங்கினதும் பிளாக் தரத்தை எப்படிப் பார்க்கிறது?

பதில்: தராசில் வைங்க. 16×8×6 இஞ்ச் சாலிட் பிளாக் 21.5 கிலோவுக்குக் கீழே இருந்தா திருப்பி அனுப்புங்க. நல்லா காய்ஞ்சதை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணியில் மூழ்க வைத்து மறுபடி போடுங்க. எடை 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. 100 சதுர அடிக்கு 110 பிளாக், உடைசலுக்கு 3, 4 சேர்த்துக்குங்க.

கேள்வி (ஆம்பூர்): பூசி ரெண்டு மாசத்தில் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல். அஸ்திவாரம் இறங்கிடுச்சா அண்ணே?

பதில்: பல வீடுகளில் அஸ்திவாரம் காரணமே இல்லை. செங்கல்லை ஊறவைக்கிற பழக்கத்தில் பிளாக்கையும் ஊறவைத்திருப்பாங்க. ஊறினது உப்பும், சுவரில் ஏறி, நம்ம ஊர் வெயிலில் காயும்போது சுருங்கி ஜாயிண்டைப் பிளக்கும். பிளாக்கைக் காய்ந்தபடியே கட்டணும். கடும் வெயில்னா மேல்முகத்தில் லேசாத் தெளித்தால் போதும். சரியா ஆறாத பச்சைப் பிளாக்கும் இதையேதான் செய்யும்: வார்த்ததும் 14 நாள் தண்ணி விட்டு, அப்புறம் 4 வாரம் காயவிட்டதாத்தான் இருக்கணும். விரிசல் நாளாக நாளாக அகலமானால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுங்க.

கேள்வி (வாணியம்பாடி): தண்ணி சம்ப்புக்கு பிளாக்?

பதில்: வேண்டாம். காங்கிரீட், எம்25-க்குக் குறையாமல்.

கேள்வி (ஏலகிரி): சரிவில் 8 அடி மண் தாங்கும் சுவர். ஹாலோ பிளாக்கில் கட்டலாமா?

பதில்: 4 அடின்னா துளையில் கம்பி விட்டு நிரப்பிக் கட்டலாம். 8 அடிக்கு மண்ணின் தள்ளு 4 மடங்கு, அடியில் வளைக்கும் விசை 8 மடங்கு. இன்ஜினியர் டிராயிங்கோடு காங்கிரீட்தான். தண்ணி வெளியேற 4, 5 அடிக்கு ஒரு 3 இஞ்ச் பைப், பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி. இல்லேன்னா ஐப்பசி மழையில் தண்ணியும் சேர்ந்து தள்ளும். ஒரு அடி, ஒன்றரை அடி அடுக்கா ஊத்தி ஒவ்வொரு அடுக்குக்கும் வைப்ரேட்டர் போடுங்க. கலவை இளகலைன்னு தண்ணி சேர்த்தால் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், கம்பி துருப்பிடிக்கும். முக்கியக் கம்பி மண் பக்கத்து முகத்தில் வரணும். வெளிமுகத்தில் கட்டிட்டா அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். சென்ட்ரிங் பலகை மூடுறதுக்கு முன்னாடி நீங்களே போய்ப் பாருங்க.