இரண்டு வயதுப் பிள்ளையோடு ஐரோப்பா: பன்னிரண்டு நாளுக்கு இரண்டு ஊர் போதும்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். எங்கள் மகனுக்கு வரும் செப்டம்பர் 14-ஆம் தேதி இரண்டு வயது நிறைகிறது. இரண்டு வயதுக்குள் விமானக் கட்டணம் பெரிதாக இல்லை என்பதால் செப்டம்பர் 6 கிளம்பி 18 திரும்பலாம் என்று நினைக்கிறோம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் பார்க்க ஆசை. மாமியாரும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. பையன் பருப்புச் சாதமும் தயிர்ச் சாதமும் தவிர எதையும் தொடமாட்டான். இதெல்லாம் நடக்கிற காரியமா? யுங்ஃப்ராவ் பனிமலைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

பதில்:

பயணம் நடக்கும். ஐந்து ஊர் நடக்காது. அதற்கு வருமுன் உங்கள் டிக்கெட் கணக்கில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுவோம்.

விமான நிறுவனங்கள் ஊரிலிருந்து கிளம்பும் நாளின் வயதை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு விமானத்திலும் ஏறுகிற அன்றைக்குக் குழந்தைக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. 14-ஆம் தேதி பையனுக்கு இரண்டு நிறைந்துவிட்டால், 18-ஆம் தேதி திரும்பும்போது அவனுக்குத் தனி இருக்கை வேண்டும், குழந்தைக் கட்டணம் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் போக, வர இரண்டுக்குமே அந்தக் கட்டணத்தைக் கேட்கும். வெளிநாட்டு விமானங்களில் மடிக்குழந்தைக்குப் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் 13-ஆம் தேதிக்குள் வீடு திரும்பியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், போகும்போதே அவனுக்கு ஒரு இருக்கை வாங்கிவிடுங்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் பெரும்பாலும் 10, 11 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். உங்கள் பையன் அதில் அடங்கமாட்டான். ராத்திரி முழுக்க அவனை மடியில் போட்டுக்கொண்டு போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் உங்களுக்கே பயன்படாது.

இனி ஊர்கள். சிறு குழந்தையோடு போகிறவர்கள் எத்தனை இடம் பார்க்கிறோம் என்று எண்ணுவதைவிட, எத்தனை முறை அறை மாற்றுகிறோம் என்று எண்ணுவது நல்லது. ஐரோப்பாவில் காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மூன்று மணிக்கு மேல்தான் சாவி தருவார்கள். இடையில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம்தான் பையன் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் உங்களுக்கு அடுப்பும் இல்லை, கட்டிலும் இல்லை; பெட்டிகளும் மாமியாரின் முழங்காலும்தான் கூட இருக்கும். ஐந்து ஊர் என்றால் இந்த நாள் நான்கு முறை வரும். ஏழு நாடு காட்டுகிறோம் என்று பேருந்தில் அழைத்துப்போகும் குழுப் பயணங்களை இந்த வயதுக் குழந்தைக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை.

ஆகவே இரண்டே இடம். பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் மீதி எல்லா இரவும். பாரிஸில் இறங்கி, சூரிக்கிலிருந்து ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து சுவிஸ் எல்லை நகரான பாசலுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கே மாறினால், பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரான இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேரம். ஆம்ஸ்டர்டாமை இன்னொரு முறைக்கு வையுங்கள். வெனிஸை நானே எடுத்துவிடுவேன்: நானூறுக்கு மேல் பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். தள்ளுவண்டிக்கும் ஆகாது, முழங்காலுக்கும் ஆகாது. ரோம் செப்டம்பர் முதல் பாதியில் இன்னும் வெயிலாகத்தான் இருக்கும், பழைய தெருக்கள் எல்லாம் கல் பாவியவை.

விசாவுக்கும் இந்தத் திட்டம் வசதி. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். முதலில் இறங்குவது பாரிஸ் என்றாலும் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது சுவிட்சர்லாந்துக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் சிரமம் என்பதால் மார்ச்சிலேயே பார்க்க ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. பன்னிரண்டு வயது வரை கைரேகையும் எடுப்பதில்லை. ஆனால் பையனுக்குத் தனிப் பாஸ்போர்ட், தனி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாமியாரின் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் தூக்கம். செப்டம்பரில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஊரில் காலை ஏழு மணிக்கு எழுகிற பிள்ளை அங்கே மூன்றரைக்கே எழுந்து உட்காரும், சாயங்காலம் ஐந்தரைக்கே கண் சொருகும். இதை முதல் நாளே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் போலத் தள்ளிப் போகட்டும்; மூன்று, நான்கு நாளில் தானாகப் படிந்துவிடும். அதுவரை காலை எட்டு மணிக்கே வெளியே கிளம்பிவிடலாம். லூவ்ர் அருங்காட்சியகத்தின் முன் முற்றத்தில் அந்த நேரத்தில் கூட்டமே இருக்காது. இரவுச் சாப்பாட்டுக்கு உணவகத்தை நம்பாதீர்கள். பாரிஸில் பல சமையலறைகள் ஏழு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் பையன் தூங்கியிருப்பான்.

அதனால்தான் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். பாரிஸில் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று கொண்டுபோகலாம். மின்னழுத்தம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் துளைகளின் அமைப்பு வேறு வேறு, இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டராக வாங்குங்கள்.

பெட்டியில் நெய் பாட்டில் வைக்காதீர்கள். நம் அம்மாக்கள் முதலில் எடுத்து வைப்பதே அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருள், இறைச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். குழந்தைக்கான பால் பவுடரும் டப்பா உணவும் மட்டும் விலக்கு. அவையும் கடை முத்திரையோடு, குளிர்பதனம் தேவைப்படாததாக, ஆளுக்கு இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், தாவரச் சான்றிதழ் இல்லாமல் இலைகளை உள்ளே விடமாட்டார்கள். அரிசி, துவரம்பருப்பு, ரவை, ராகி மாவு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த பருப்புப் பொடி போதும். நெய்க்குப் பதிலாக உப்பில்லாத வெண்ணெய் வாங்கி வாணலியில் சிறு தீயில் நன்றாக உருக்கினால் வீட்டு நெய்யே வந்துவிடும். அங்கத்திய வெண்ணெய் ஒன்றும் சளைத்ததல்ல. தயிர் வாங்கும்போது ‘நாத்யூர்’ என்று போட்டிருக்கும் டப்பாவை எடுங்கள், மற்றதெல்லாம் இனிப்பும் பழமும் கலந்தது.

பாரிஸில் மறந்தது எதுவானாலும் லா ஷப்பெல் பக்கம் போனால் கிடைக்கும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சேன் தெனி தெரு முழுக்க ஈழத் தமிழர்களின் கடைகள். இட்லி மாவு, கறிவேப்பிலை, வாழைக்காய், கோதுமைப் புட்டு மாவு எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். மாமியாருக்கு ஒரு காலைப் பொழுது அங்கேயே இனிமையாகக் கழியும். சுவிட்சர்லாந்தில் அந்த வசதி மலையடிவாரத்தில் இல்லை. கடைகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பாலும் டயப்பரும் வாங்கிவிடுங்கள். வீட்டில் பக்கெட்டும் மக்கும் இருக்காது. ஷவரைக் கண்டால் அழுகிற பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தள்ளுவண்டி ஒரே கையால் மடங்குகிற, லேசான ஒன்றாக இருக்கட்டும். பாரிஸ் மெட்ரோ படிக்கட்டுகளால் ஆனது. லிஃப்ட் இருக்கும் நிலையங்கள் குறைவு. 14-ஆம் எண் வழித்தடம் மட்டும் விதிவிலக்கு. பேருந்தில் போங்கள்: தாழ்தளம், வண்டியை விரித்தபடியே ஏற்றலாம், ஜன்னலில் ஊரும் தெரியும். நான்கு வயதுக்குள் கட்டணமில்லை. பார்க்க வேண்டியதை மத்தியானத் தூக்கத்துக்கு முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். லக்ஸம்பர்க் தோட்டத்துக் குளத்தில் பொம்மைப் பாய்மரப் படகுகளைக் குச்சியால் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் ஓடுவது, உங்கள் பையனுக்கு ஈஃபிள் கோபுரத்தைவிடப் பெரிய விஷயம்.

சுவிட்சர்லாந்தில் வெங்கன் கிராமத்தில் தங்குங்கள். லவுட்டர்புரூனனிலிருந்து பல்சக்கர ரயிலில் கால் மணி நேரம், ஊருக்குள் கார் போக்குவரத்து கிடையாது, பையன் தெருவில் ஓடினால் நெஞ்சு பதறாது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரியவருடன் ரயில், பேருந்து, படகு இலவசம். நீங்கள் மூவரும் ஒரு மாதம் செல்லும் அரைக்கட்டண அட்டை எடுத்தால் போதும். ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு விலை கூடிய டிராவல் பாஸ் பெரும்பாலும் தேவைப்படாது. இன்டர்சிட்டி இரட்டை அடுக்கு ரயில் பலவற்றில் மாடியில் சறுக்கு மரத்தோடு குழந்தைகளுக்கென்றே ஒரு பெட்டி உண்டு, கேட்டு ஏறுங்கள். டாக்ஸி, வாடகைக் கார் என்றால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். இந்தப் பயணத்துக்குக் காரே வேண்டாம்.

அப்புறம் நீங்கள் கேட்ட பனிமலை. ரயில் போய் நிற்கும் இடத்துக்கு யுங்ஃப்ராவ்யோக் என்று பெயர், உயரம் 3,454 மீட்டர். இன்டர்லாக்கனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் ஏறுகிறீர்கள். மேலே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெரியவர்களுக்கே தலை கனக்கும், மூச்சு வாங்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். அழுகை பசிக்கா, காது அடைப்புக்கா, உயரத்துக்கா என்று உங்களுக்கும் தெரியாது. சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். அவனை மேலே கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து.

அவனுக்கு மென்லிஷன் இருக்கிறது. வெங்கனிலிருந்தே கேபிள் கார், உயரம் சுமார் 2,230 மீட்டர். மேலே பெரிய மரப் பசு ஒன்று, அதற்குள் ஏறிச் சறுக்கி வரலாம். எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் வரிசையாகத் தெரியும். ட்ரூமல்பாக் அருவி பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள், நான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள்.

பெரியவர்களுக்குப் பனி பார்த்தே ஆக வேண்டுமென்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உங்கள் கணவரும் மாமியாரும் யுங்ஃப்ராவ்யோக் போகட்டும், நீங்கள் பையனோடு மென்லிஷனில் இருங்கள். வானம் தெளிந்த இன்னொரு நாள் நீங்கள் போங்கள். மாமியாருக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கோவையிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் அவருக்கு டிக்கெட். மேலே போகும் டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிடாதீர்கள். சிகரத்தில் இருக்கும் கேமராவின் நேரலைப் படம் வெங்கனிலேயே கைபேசியில் தெரியும். காலையில் அதைப் பார்த்து, மேகம் இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.