நிச்சயமில்லாத காலத்தில் தினமும் கொஞ்சம் கற்றுக்கொள்வது உண்மையிலேயே உதவுமா?

எனக்கு உதவியது. ஆனால் மேடையில் சொல்வார்களே, அந்த மாதிரி இல்லை.

நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2020 மார்ச் வரை புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. "கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. எனக்கு அப்போது 36 வயது, படிப்பு பி.ஏ. வரலாறு.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்தவர்கள்தான். தானேயில் பண்ருட்டிப் பக்கம் அப்பாவின் முந்திரி மரங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒட்டுக்கன்று வைத்தால் காய்க்கவே மூன்று வருடம் ஆகும். அவர் வைத்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, முதல் இரண்டு மாதம் போனைத் தடவியபடியே படுத்திருந்தேன்.

அத்தை மகன் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்து டாலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சொன்னான். காசு கட்டாமல் எஜுகேஷன் மோடில் பழகலாம். ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் பதிவு போட முடியும். ஆகவே என் கற்பனைக் கடை மாதத்துக்கு மூன்று நாள்தான் திறந்திருந்தது!

பழக்கம் பிடித்தது லேப்டாப்பால் அல்ல, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரால். அன்றைக்குக் கற்ற ஒரு விஷயத்தைத் தாளின் பின்பக்கம் எழுதாமல் அந்தத் தாளைக் கிழிக்கக்கூடாது. இது மட்டும்தான் விதி. "பெறுபவர் பற்று, தருபவர் வரவு" என்று கணக்கெழுதும் விதி ஒன்றை ஒரே ஒரு வரி எழுதினாலும் போதும். காலையில் குழாயில் தண்ணீர் வரும், குடம் நிரம்புகிறவரை அங்கேதான் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யூடியூபில் ஒரு வீடியோ.

ஒரு நாள் எழுதவில்லை, தாளும் கிழிபடவில்லை. அம்மா அந்தப் பழைய தேதியைப் பார்த்துவிட்டு கானாங்கெளுத்திக் குழம்பு வைத்துவிட்டார். அன்றைக்குக் கிருத்திகை. அப்பா சாப்பிட்டு முடித்து, ஏப்பமும் விட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் ராத்திரி "எழுதிட்டியாம்மா?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் எடுத்தது ஜிஎஸ்டி. ஒரு பெயின்ட் டப்பாவுக்கு 18 சதவீதம் வரி. கடலூர்க் கடைக்காரர் உள்ளூரிலேயே மஞ்சக்குப்பத்தில் விற்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 9, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 9. இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 18, ஏனென்றால் அது வேறு மாநிலக் கணக்கு. இத்தனை வருடம் அந்த எல்லையைத் தினமும் இரண்டு தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், பெரும்பாலும் தூங்கிக்கொண்டே. அது புரிந்த அன்று தாளில் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் கிறுக்கினேன்.

2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. காலண்டர் ஒரே தேதியில் 19 நாள் நின்றது. அவர் வீடு திரும்பியதும் 19 தாளையும் வெறுமையாகவே சேர்த்துக் கிழித்துப் போட்டேன். விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தால் அதோடு மொத்தமும் நின்றிருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் நடக்கும். இந்தத் தடவை விட்டது விட்டதுதான், அன்றைய தாளிலிருந்து தொடங்கினேன்.

இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் ஜவுளிக்கடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மூன்று சின்னக் கடைகளின் பில்களை வீட்டிலிருந்தே ஒழுங்குபடுத்தி ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். 11-ம் தேதிக்குள் ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்), 20-ம் தேதிக்குள் இன்னொன்று என்று மாதம் ஓடுகிறது. வேலை நிரந்தரமா என்றால், இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கரண்ட் இல்லை, லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. டிசம்பர் 1-ம் தேதித் தாளின் பின்னால் "மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி வைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். அதையும் கற்றதாகவே வைத்துக்கொண்டேன்.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால், காலண்டரைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இப்போது சிலவற்றில் பின்பக்கமும் வீட்டு வைத்தியம், சமையல் குறிப்பு என்று அச்சடித்துவிடுகிறார்கள். எழுத இடமே இருக்காது.