பழைய கிறிஸ்தவ ஃபங்க் (ஆடவைக்கும் தாளம் முன்னே நிற்கும் கறுப்பின அமெரிக்க இசை) ஆல்பங்களில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் எதைக் கேட்கலாம்?

ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் குடும்பத்தினர் 1972-இல் வெளியிட்ட 'பீ ஆல்டிட்யூட்: ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்'. இந்தப் பதிலுக்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஃபங்க் தாளத்தில் கர்த்தரைப் பாடியவர்கள் என்றால் ரான்ஸ் ஆலன் குழுதானே என்பார்கள். அவர்களும் இந்த ஆல்பத்தை வெளியிட்ட ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பாடியவர்கள்தான், அவசியம் கேளுங்கள். ஆனால் முதலில் இது.

தந்தை 'பாப்ஸ்' ஸ்டேபிள்ஸ் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களில் வளர்ந்து, பிழைப்புக்காகச் சிகாகோ வந்தவர். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தேவாலயங்களில் பாடத் தொடங்கினார். கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்ட பிறகு, இவர் பிரசங்கிப்பதை நாம் பாடலாமே என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். இந்த ஆல்பத்தில் அவருடன் பாடுபவர்கள் மகள்கள் மேவிஸ், கிளியோதா, இவோன். வாத்தியம் வாசித்தவர்கள் அலபாமாவில் உள்ள மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவின் வெள்ளைக்கார இளைஞர்கள். நிறவெறிக்குப் பேர்போன மாநிலத்தில், அந்தக் காலத்தில் இப்படி ஒரு கூட்டு அமைந்தது சாதாரண விஷயமில்லை.

'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' பாட்டில் பாப்ஸ் குரலை உயர்த்தாமல் தொடங்குகிறார். எதிர்ப்படுகிறவரையெல்லாம் அவமதித்தால் உன்னை யார் மதிப்பார்கள் என்று, திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பெரியவர் மாதிரி. வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவனை மதிக்காவிட்டாலும் அவன் வேலையைச் செய்ய வழியாவது விடு என்கிறார். முகத்தை மூடிய துணியை எடு, காலம் மாறிவிட்டது என்கிறார். முகமூடி போட்டுக் கறுப்பர்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கூட்டமான கு க்ளக்ஸ் க்ளானுக்கு விழுந்த அடி அது. பிறகு மேவிஸ் வருகிறார். காற்று மாசுக்கு அதிபரைத் திட்டிக்கொண்டே இருப்பவனுக்கும் அவரிடம் ஒன்று உண்டு: இருமும்போது முதலில் வாயை மூடு! இத்தனை உபதேசமும் உபதேசமாகத் தெரியாமல் போவதற்கு, அடியில் ஓடும் தாளம்தான் காரணம். காலைத் தட்டிக்கொண்டே திட்டு வாங்கிக்கொள்கிறோம்.

'ஐல் டேக் யூ தேர்' அதைவிடப் பெரிய விஷயம். ஸ்டாக்ஸின் நிர்வாகி ஆல் பெல், சுட்டுக்கொல்லப்பட்ட தம்பியை ஆர்கன்சாவில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எழுதியது. பாட்டு முழுக்க இரண்டே கார்டுகள்தான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்). வரிகளும் அவ்வளவாக இல்லை; அழுகையும் கவலையும் இல்லாத ஓரிடம் இருக்கிறது, அங்கே உன்னை அழைத்துப் போகிறேன், அவ்வளவே. தொடக்கத்தில் பேஸ் கிடாரில் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிடார்) வரும் மெட்டு ஜமைக்காவின் 'லிக்விடேட்டர்' என்ற வாத்திய இசையிலிருந்து வந்தது. நடுவில் மேவிஸ் பாடுவதை விட்டுவிட்டு வாசிப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். பேஸ் வாசிக்கும் டேவிட் ஹூடைச் செல்லமாக அழைத்ததும் பேஸ் முன்னே வருகிறது. அப்பா என்று அழைக்கும்போது கிடாரில் பதில் சொல்பவர் உண்மையில் பாப்ஸ் அல்ல, எடி ஹின்டன் என்ற கலைஞர். பாப்ஸின் கிடார் ஒலி நடுங்கி அதிரும் வாசிப்பைத் தேடி வருபவர்கள் இங்கே ஏமாறலாம். ஆனால் சபையில் சாட்சி சொல்ல ஆளுக்கு ஆள் எழுந்து நிற்பதை நேரில் பார்த்தவர்களுக்கு, இங்கே நடப்பது என்னவென்று உடனே புரிந்துவிடும். அந்த ஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் இது முதலிடம் பிடித்தது.

தேவாலயக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இது உலகப்பிரகாரமான பாட்டு, பிசாசின் இசை என்றார்கள். பிசாசுக்கு ஏது இசை என்று மேவிஸ் பல பேட்டிகளில் திருப்பிக் கேட்டிருக்கிறார். நானும் அவர் கட்சிதான். பரலோகத்தைப் பற்றிய பாட்டுக்கு உடம்பு ஆடக் கூடாது என்று எந்த வசனத்தில் இருக்கிறது?

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை. சில இடங்கள் தொய்கின்றன. 'ஐ அம் ஜஸ்ட் அனதர் சோல்ஜர்' மட்டும், அன்பின் படையில் நானும் ஒரு சிப்பாய் என்று மேவிஸ் பாடும் உறுதிக்காகத் தனியாகச் சொல்லத் தக்கது.

கேட்கும்போது கைப்பேசியின் ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். பாதி ஆல்பம் பேஸில்தான் இருக்கிறது, அது அதில் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் போதும். 'ஐல் டேக் யூ தேர்' வானொலிக்காகச் சுருக்கப்பட்ட வடிவிலும் கிடைக்கிறது. ஆல்பத்தில் உள்ள முழு நீளத்தையே தேடி எடுங்கள்.